தூக்குவாளியில் கொண்டு போன தண்ணீர்

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை எழுதுகிறவர்கள் பயப்பட வேண்டிய ஆள் அவர்தான். பெரிய பெரிய விமர்சகர்களையெல்லாம் நான் பிற்பாடு பார்த்துவிட்டேன். ஒருவராவது கதாநாயகனை, "இவன் வெளங்குவானா? பெத்தவளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தாத பய" என்று வைதுவிட்டு, எழுந்து போய் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "ம், மேல வாசி" என்று சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. மாமனார் காலமாகி நாளாகிவிட்டது. வீட்டில் நான், அவர், அத்தை, அவ்வளவுதான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் காலையும் சாயங்காலமும் சொல்லிக்கொடுக்கப் போவேன். "வந்த மருமகளை வேலைக்கு அனுப்பிட்டியே" என்று தெருவில் ஒருத்தி இழுத்தபோது, "அவ பத்து விரலாலயும் தட்டுதா, ஒனக்கு ஒத்தை விரலால தட்டத் தெரியுமாட்டி?" என்று அத்தை கேட்டுவிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமைதோறும் வாரப் பத்திரிகை வரும். அதில் வரும் தொடர்கதையை நான் அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் பக்கத்துத் தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. அதனால் மத்தியானம் கரண்டு போகிற நேரத்துக்குக் காத்துக்கிடப்போம். தறிகள் நின்றதும், "ஏட்டி, போயிட்டு பாரு, எடு எடு" என்று அத்தை காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் கொண்டாட்டம்.

அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புதுக்கதை ஆரம்பித்தது. பெயரெல்லாம் இப்போது எதற்கு? எழுதியவர் ஒரு பெண் பெயரில் எழுதினார். பம்பாயில் வாழ்கிற ஒருத்தி பல வருஷம் கழித்துப் பிறந்த ஊருக்கு வருகிறாள். தாய் செத்தபோது இவள் வந்து சேர்வதற்குள் தம்பிக்காரன் பிணத்தை எடுத்துவிட்டான். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் உறவை அறுத்துக்கொண்டு போனவள், இப்போதுதான் அந்த வீட்டை நோக்கி மறுபடி கால் வைக்கிறாள். முதல் வாரத்திலேயே இவ்வளவும் வந்துவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தேன். ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதை.

கல்யாணமான மாதமே என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லி வைத்திருந்தார், "அம்மாட்ட மாமா பேச்சை மட்டும் எடுத்துராத" என்று. அத்தைக்குப் பிறந்த ஊர் இளையரசனேந்தல். கூடப் பிறந்தது ஒரே தம்பி, அவர்தான் மாமா. அத்தையின் தாய் இறந்தது ஒரு ஐப்பசி மாதம். ஆள் வந்து சொல்லி, அத்தை கோடிச் சேலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், அடைமழையில் பஸ் கரிசல் சகதியில் மாட்டிக்கொண்டது. தட்டுத்தடுமாறிப் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பிணம் போன வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். தாய்க்குப் போர்த்த வேண்டிய சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் நின்றார் அத்தை. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள், வாசலில் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் வாரி வீட்டின் மேல் தூற்றிவிட்டு, "இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லி, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். கை நனைப்பதில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது என்று அர்த்தம். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு பகை இல்லை.

அதோடு போயிருந்தால் என்றைக்காவது ஆறியிருக்கும். மாமாவுக்குக் கல்யாணமாகிப் பிறந்த தலைப்பிள்ளை, நடை பழகுகிற வயசில் செத்துப்போனது. "அக்காக்காரி மண்ணை வாரித் தூத்துனாள்லா, சும்மா விடுமா?" என்று ஊரில் பேசியது அத்தை காதுக்கும் வந்தது. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். துக்கத்துக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவார்?

எங்கள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. ஒன்றுவிட்ட முறையில் ஒருவர் அந்த இடத்தில் நின்றார். ஆனால் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மாமா வருஷம் தவறாமல் எங்கள் ஊருக்கு வருவார். எங்கள் கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று, மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூட்டத்தோடு போய்விடுவார். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அத்தை சுவரைப் பார்த்துக் கேட்பார்: "கடைப் பக்கம் யாரும் வந்தாகளோ?"

"வந்தாக."

"மெலிஞ்சு தெரியுதோ?"

"அப்படியேதான் இருக்காக."

"ஆமா, எனக்கென்ன வந்துச்சு" என்று ஒரு கரண்டிச் சோறு கூடுதலாக வைத்துவிட்டுப் போவார். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கோயிலுக்குப் போனால் பிரசாதப் புற்றுமண்ணில் எங்களுக்குப் பூசியது போக ஒரு சிட்டிகையைத் தனியாக மடித்துச் சுவரில் இருக்கும் விளக்குப் பிறைக்குள் வைப்பார். யாருக்கு என்று கேட்டேன். "ஒன் சோலியைப் பாரு" என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இந்த நிலையில் அந்தக் கதை. முதல் வாரம் அத்தை வெற்றிலை எச்சிலைத் துப்பக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வாரம் கதாநாயகியைத் திட்ட ஆரம்பித்தார். "எதுக்குப் போறாளாம்? மானங்கெட்டவ." அதற்கடுத்த வாரம் தம்பிக்காரனைத் திட்டினார். சரி, பழைய அத்தை ஆகிவிட்டார் என்று நானும் தைரியமாக வாசித்துக்கொண்டு போனேன். ஒரு வாரம், அவள் பழையதை நினைத்துப் பார்க்கிற கட்டம் வந்தது. ஓடி வந்து வாசலில் ஏறுகிறாள், கால் வழுக்குகிறது, தரையெல்லாம் கழுவி விட்ட ஈரம்.

"நிறுத்து" என்றார் அத்தை. "திரும்ப வாசி."

வாசித்தேன்.

"கையில என்ன வச்சிருந்தான்னு போட்டிருக்கு?"

"புதுச் சேலை, அத்தை."

அவ்வளவுதான். முகம் சிவந்துவிட்டது. "இதை யாருட்டி சொன்னா அவளுக்கு?"

"யாருக்கு?"

"எழுதுதாளே, அந்த மூதிக்கு! சேலை சரி. அந்த ஈரம்? அந்த ஈரத்துல வழுக்குனது எனக்கும் அந்த வீட்டு ஆளுகளுக்கும்தான தெரியும்? எவன் சொன்னான்?"

பிணம் எடுத்த எந்த வீட்டையும் கழுவத்தான் செய்வார்கள், மகள்காரி எவளும் சேலையோடுதான் வருவாள், ஈரத்தில் ஓடினால் எவளுக்கும் வழுக்கத்தான் செய்யும் என்று நான் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். அத்தை என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, நீ இல்லியே?"

"அடப்பாவமே! நானா?"

"டைப்பு அடிக்கிறவதான நீ?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்த பிறகுதான் என்னை விட்டார். அப்படியானால் மிச்சம் ஒரே ஆள். "அவன்தான். ஊருக்கு வந்த எவளோ எழுத்துக்காரிட்ட என் மானத்தைச் சொல்லி எழுத வச்சிருக்கான். நாடு பூரா உக்காந்து படிக்கி. நாளைக்கே போறேன். நீயும் வா. அவன் மூஞ்சிக்கு நேரா இதை வாசிக்கணும்."

என் வீட்டுக்காரர் தடுப்பார் என்று பார்த்தால், அந்த மனுஷன் முகத்தில் ஒரு சந்தோஷம். எப்படியோ அம்மா அந்த ஊர் எல்லையை மிதிக்கப் போகிறாளே என்று. "சண்டைக்குத்தான் போறா. போகட்டுமே" என்றார் என்னிடம் ரகசியமாக.

மறுநாள் காலையில் அத்தை கிளம்பிய அழகைப் பார்க்க வேண்டும். கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறு, இன்னொன்றில் தண்ணீர். அங்கே கை நனைக்கக் கூடாதல்லவா? எனக்கும் சேர்த்துத்தான். "நாக்கு வறண்டு விழுந்தாலும் அங்கன ஒரு சொட்டு வாயில படக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பத்திரிகையை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். படி இறங்கினவர் மறுபடி உள்ளே போய், விளக்குப் பிறையில் இருந்த புற்றுமண் பொட்டலங்களை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "என்ன? சாமி துணைக்கு வேண்டாமா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

குருவிகுளம் வழியாகப் போகிற பஸ். வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை. "கேப்பேன். ஏலே, ஒனக்கு ஒரு அக்கா இருக்கான்னு அன்னைக்குத் தோணலையான்னு கேப்பேன்." கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் பயந்து இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றார். ஊர் நெருங்க நெருங்க அத்தையின் சத்தம் குறைந்தது. ஜன்னல் பக்கம் பருத்திக்காடுகள் போய்க்கொண்டிருந்தன. "இங்கனதான் பஸ்ஸு மாட்டுச்சு" என்றார் ஒரு இடத்தில். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

வீட்டு வாசலில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். மாமாவின் மனைவிதான் முதலில் பார்த்தார். அவர் அத்தையை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் முகச்சாடை காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மதினி" என்றார். உள்ளேயிருந்து மாமா வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலை நரைத்த மனுஷன், வாத்தியாரைக் கண்ட பள்ளிக்கூடப் பையன் போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் உள்ள வரல. ஒரு கேள்வி கேக்க வந்தேன்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பி, "வாசிட்டி" என்றார்.

உச்சி வெயிலில், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, ஒரு பகையாளி வீட்டு வாசலில் நின்று தொடர்கதை வாசித்த மருமகள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன். அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் வாசிக்க வாசிக்க ஒன்றைக் கவனித்தேன். அடுத்த வரிக்கு நான் போகுமுன்னே மாமாவின் உதடு அசைந்தது. அவருக்கு அது மனப்பாடமாகவே தெரிந்திருந்தது.

"எவட்டலே சொன்ன?" என்று ஆரம்பித்தார் அத்தை. "என் மானத்தை எவகிட்டச் சொல்லி எழுத வச்ச?"

மாமா விழித்தார். "எக்கா, நானா? நான் நீதான் எழுதுதேன்னுல்லா நெனச்சேன்!"

"என்னது?"

"இந்தப் பிள்ளை டைப்பு அடிக்கும்னு சொன்னாவ." என்னைக் காட்டினார். "நீ சொல்லச் சொல்ல இது அடிச்சு அனுப்புதுன்னு நெனச்சேன். வாரா வாரம் சலூன் கடைக்குப் போயி மொத ஆளா வாங்கிப் படிக்கேன். எக்கா இந்த வாரம் என்ன சொல்லுதா, இந்த வாரமாவது வீட்டுக்குள்ள வருதாளான்னு பாக்கத்தான்க்கா படிக்கேன்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார், என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

"கதையில ஒனக்குள்ளது பூரா இருக்கு" என்றார் மாமா. "என்னோடது இல்ல. அந்தத் தம்பிக்காரன் வாயையே திறக்க மாட்டேங்கானே. அதனால நான் சொல்லுதேன், கேளு. மழை கொஞ்சம் வெறிச்சிருந்துச்சு, மறுபடியும் கறுத்துக்கிட்டு வந்துச்சு. வெறகு நனைஞ்சா பத்தாது, தூக்குலேன்னு பெரியாளுக நிக்காவ. அக்கா வரட்டும்னேன். சின்னப்பய பேச்சை யாரு கேப்பா? தூக்கிட்டாவ. கொள்ளி வச்சேன். வச்சுட்டுத் திரும்புதேன், அந்நேரம் ரோட்டுல பஸ் ஆரன் கேக்கு."

நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பிப் பாத்துட்டேங்க்கா."

கூடியிருந்தவர்களில் யாரோ 'உச்' கொட்டினார்கள். கொள்ளி வைத்தவன் சிதையைத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது.

"ரோடு சுடுகாட்டுக்கு அங்கிட்டு இருக்கு. நீ வந்துட்டியோன்னு சிதை மேல முழிச்சுப் பாத்துட்டேன். எல்லாரும் சத்தம் போட்டாவ. குளிச்சு முழுகி வீட்டுக்கு வாரேன், நீ போயிட்ட. பொறவு என் மவன் போனான்லா..." துண்டைக் கையில் முறுக்கினார். "நான் பாத்த பார்வைதான்க்கா அவனைக் கொண்டுட்டுப் போச்சு."

"இல்லலே!" அத்தை கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "அது நான் தூத்துன மண்ணுதாம்லே. ரெண்டு கையாலயும் வாரித் தூத்துனேனே, பாவி."

"நீ என்ன செஞ்ச? நான்தான் திரும்பினேன்."

"ஏலே, நான் சொல்லுதேன், என் மண்ணுதான்."

பகை தீர்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு சண்டையா? இருவரும் மாறி மாறிப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அழுகிறார்கள். யாரை எப்படி விலக்குவது என்று தெரியாமல் நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது மாமாவின் மனைவி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். இருவருக்கும் நடுவில் நின்றார்.

"என் பிள்ளை மூளைக்காய்ச்சல்ல செத்தான்" என்றார். குரல் உயரவே இல்லை. "கோயில்பட்டி ஆஸ்பத்திரியில என் மடியில செத்தான். ஒங்க மண்ணும் கொல்லல, இவுக திரும்பிப் பாத்ததும் கொல்லல. பெத்தவ நான் சொல்லுதேன். அவன் சாவுக்கு ரெண்டு பேரும் போட்டி போடாதிய." செம்பை நீட்டினார். "வெயில்ல வந்திருக்கிய. குடிங்க மதினி."

அத்தை செம்பைப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். நான் அதைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

செம்பை வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தார். பாதி கழுத்து வழியாக இறங்கி மாராப்பை நனைத்தது. "கிணறு அதே உவருதாம்ல" என்றார். பிறகு மடியிலிருந்த பொட்டலங்களைப் பிரித்து, அந்தப் புற்றுமண்ணை மாமாவின் நெற்றியில் பூசினார். அவர் குனிந்து நின்றார். மிச்சமிருந்த ஒரு கை மண்ணை வீட்டு நிலைப்படியில் தூவினார். தூவிய கை வெகுநேரம் நிலைப்படியை விட்டு எழவில்லை. மாமாவின் மனைவிதான் தூக்கி நிறுத்தி உள்ளே அழைத்துப் போனார்.

அன்றைக்குக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். எலுமிச்சைச் சோறு கோழிக்குப் போயிற்று. சாயங்காலம் கிளம்பும்போது அத்தை அந்தத் தண்ணீர்த் தூக்குவாளியைக் காலி செய்து, கிணற்றுத் தண்ணீரை நிறைத்து எடுத்துக்கொண்டார். பஸ் குலுக்கலில் ஒரு சொட்டுச் சிந்தவிடவில்லை. வீட்டில் மகனை உட்கார வைத்து, "குடிலே, ஒங்க மாமா வீட்டுத் தண்ணி" என்றார். உப்புக் கரித்தது என்று அவர் முகம் சுளித்ததற்கு ஒரு குட்டு வாங்கினார்.

கதை அதற்குப் பிறகும் சில மாதம் ஓடியது. கடைசி வாரத்துக்கு மாமாவும் மனைவியும் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டார்கள், சலூனில் படிக்க மாட்டேன், இங்கே உட்கார்ந்துதான் கேட்பேன் என்று. எல்லோரும் கரண்டு போகக் காத்திருந்தோம். தறிகள் நின்றன. நான் வாசித்தேன். கதாநாயகி அந்த வீட்டுக் கதவு வரைக்கும் போகிறாள். உள்ளே தம்பியின் குரல் கேட்கிறது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள், தட்டாமல் திரும்பி பஸ்ஸுக்கு நடக்கிறாள். முற்றும்.

பத்திரிகையை மடித்து வைத்தேன். "கோட்டிக்காரி" என்று அத்தை தொடங்கப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம்க்கா" என்றார் மாமா. "அம்புட்டுத் தூரம் வந்துட்டு உள்ள வராமப் போயிட்டாளே."

"அவளைச் சொல்லிக் குத்தமில்லலே" என்றார் அத்தை, வெற்றிலையை மடித்து மாமாவின் மனைவியிடம் நீட்டியபடி. "அந்த வீட்டுல ஒம் பொண்டாட்டி மாதிரி ஒருத்தி இல்ல."